ரூபோகாப் அமைவுகளை இன்ஹெரிட் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரூபி மொழியில் எழுதிய நிரல்கள் நடை விதிகளுக்கு உட்பட்டுள்ளனவா என்று சோதிக்கும் ரூபோகாப் கருவியைப் பல திட்டங்களில் பயன்படுத்துவோர், விதிகளை ஒரு பொதுக் கோப்பில் எழுதி வைத்து, ஒவ்வொரு திட்டத்தின் அமைவுக் கோப்பிலும் 'இன்ஹெரிட் ஃப்ரம்' என்ற வரியைச் சேர்த்து அதை இழுத்துக்கொள்வது வழக்கம். அந்த வரியைச் சேர்த்ததும் தாய்க் கோப்பில் (இழுக்கப்படுவது) உள்ளவையும் சேய்க் கோப்பில் (இழுப்பது) உள்ளவையும் தாமாகவே கூடிவிடும் என்று எண்ணுவதுதான் முதல் தவறு. ஒரு விதியின் கீழ் உள்ள வெவ்வேறு சாவிகள் (அமைவுப் பெயர்கள்) கூடுவது உண்மைதான்: தாய்க் கோப்பு ஒரு மெத்தடின் (நிரலின் தனிச் செயற்பகுதி) நீள வரம்பை 15 வரி என்று வைத்து, சேய்க் கோப்பு அதே விதிக்கு ஒரு விலக்குப் பட்டியலை மட்டும் கொடுத்தால் இரண்டும் நிலைக்கும். ஆனால் இரு கோப்புகளிலும் அதே சாவி பட்டியலாக இருந்தால், சேய்க் கோப்பின் பட்டியல் தாயினுடையதை முழுவதுமாக அகற்றிவிட்டு அந்த இடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது.

இதைப் பெரும்பாலோர் கவனிக்கத் தவறுவது, யாரும் எழுதாத ஒரு தாய்க் கோப்பும் எப்போதும் உண்டு என்பதை மறந்துவிடுவதால்தான். கருவியுடன் வரும் இயல்பு அமைவுதான் அது. அதன் விலக்குப் பட்டியலில் வெண்டர், நோட் மாட்யூல்ஸ், டெம்ப் போன்ற கோப்புறைகள் ஏற்கெனவே உள்ளன. தரவுத்தள ஸ்கீமா கோப்பை விலக்க வேண்டும் என்று ஒருவர் எல்லா விதிகளுக்கும் பொதுவான 'ஆல்காப்ஸ்' பகுதியில் 'எக்ஸ்க்ளூட்' என்று எழுதி ஒரே ஒரு பாதையைக் கொடுத்தால், ஸ்கீமா விலகும்; ஆனால் அதுவரை விலகியிருந்த வெண்டர் கோப்புறை சோதனைக்குள் வந்துவிடும். அடுத்த முறை ஓட்டும்போது யாரோ எழுதிய நூலகங்களின் குறைகள் திரை நிறைய வழியும். நானும் ஒருமுறை இப்படிச் செய்துவிட்டு, புதிதாகச் சேர்த்த ஜெம் (ரூபி நூலகப் பொதி) மீது பழியைப் போட்டுக்கொண்டு அரை நாளைக் கழித்திருக்கிறேன். 'இன்ஹெரிட் மோட்' என்ற சாவியின் கீழ் 'மெர்ஜ்' என்று எழுதி, அதில் எக்ஸ்க்ளூட் பெயரைச் சேர்த்துவிட்டால் பட்டியல்கள் கூடும். இயல்பு அமைவுக்கும் இது பொருந்தும்.

இதே தவறு 'டூடூ' கோப்பில் இன்னும் அடிக்கடி நிகழ்கிறது. பழைய திட்டத்தில் கருவியை முதன்முறையாகப் புகுத்தும்போது, 'ஆட்டோ ஜென் கான்ஃபிக்' கட்டளை இப்போதுள்ள குறைகளையெல்லாம் டூடூ என்ற தனிக் கோப்பில் விலக்கி எழுதி, அதை முதன்மைக் கோப்பில் இன்ஹெரிட் செய்துவிடுகிறது. டூடூ கோப்பு பெயருக்குத் தனியாக இருந்தாலும் முறையில் அது தாய்தான். எனவே முதன்மைக் கோப்பில் எழுதியதே வெல்லும். மெத்தட் நீளத்துக்கு டூடூ 42 என்று இடம் கொடுத்திருக்க, முதன்மைக் கோப்பில் 15 என்று இருந்தால், டூடூவின் வரம்பு வெறும் எழுத்தாகவே நிற்கும். ஒரே விதிக்கு இரு கோப்புகளிலும் விலக்குப் பட்டியல் இருந்தாலும் டூடூவின் பட்டியல்தான் காணாமல் போகும். பல கோப்புகளை ஒரே வரியில் இழுக்கும்போது பின்னால் வருவது முன்னால் வருவதை வெல்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

இதைவிட மோசமானது, ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும் தவறு. திட்டத்தின் தலைக் கோப்புறையில் வரி நீளம் 100 எழுத்து என்று வரையறுத்திருக்கிறோம். ஓர் உட்கோப்புறைக்கு மட்டும் வேறொரு விதியைத் தளர்த்த அங்கே புதிய அமைவுக் கோப்பை வைக்கிறோம். ரூபோகாப் சோதிக்கும் கோப்பிலிருந்து மேல்நோக்கித் தேடி, முதலில் அகப்படும் அமைவுக் கோப்புடன் நின்றுவிடும். தலைக் கோப்பின் விதி அமைப்புகளைத் தானாகச் சேர்த்துக்கொள்ளாது. ஆகவே அந்த உட்கோப்புறையில் வரி நீளம் இயல்பான 120-க்குத் திரும்பிவிடும். 115 எழுத்துள்ள வரி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் தேறிவிடும். பச்சை விளக்கைப் பார்த்து நாமும் திருப்தி அடைந்துவிடுவோம். உட்கோப்பின் முதல் வரியிலேயே மேலுள்ள கோப்பை வெளிப்படையாக இன்ஹெரிட் செய்வதே இதற்கு மருந்து.

விலக்குப் பாதைகள் எங்கிருந்து கணக்கிடப்படுகின்றன என்பதும் கோப்பின் பெயரைப் பொறுத்தது. புள்ளியும் ரூபோகாப் என்ற சொல்லுமாகத் தொடங்கும் கோப்புகளில், பாதை அந்தக் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து அளக்கப்படும். மற்றப் பெயருள்ள கோப்புகளில், கட்டளையை இயக்கும் இடத்திலிருந்து அளக்கப்படும். பொதுக் கோப்புக்கு 'பேஸ்' என்று அழகாகப் பெயர் வைத்தவர்களுக்கு, எடிட்டரில் ஒரு முடிவும், நிரல் மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் சிஐ சேவையகத்தில் வேறொரு முடிவும் வருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

பொதுக் கோப்பை இணைய முகவரியிலிருந்து நேரடியாக இழுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அங்கே ஒருவர் ஒரு விதியை மாற்றினால், நம் நிரலில் ஓர் எழுத்தும் மாறாமலே மறுநாள் சோதனை உடையும். கருவி அக்கோப்பின் நகலை வைத்துக்கொண்டு 24 மணி நேரம் கடந்த பிறகே புதுப்பிப்பதால், இரு கணினிகளில் சிறிது காலம் இருவேறு விதிகளும் இயங்கக்கூடும். அதே விதிகளை ஒரு ஜெம்மாகக் கட்டிப் பதிப்பு எண்ணோடு இழுத்தால், மாற்றம் நாம் ஏற்கும் நாளில் மட்டுமே வரும்.

எந்த மதிப்பு நிலைத்தது என்று கோப்புகளைத் திறந்து மனக்கணக்குப் போடுவதை விட, 'ஷோ காப்ஸ்' கட்டளையை விதியின் பெயரோடு ஓட்டிப் பார்ப்பது நல்லது. அது நிற்கும் கோப்புறைக்கு உரிய இறுதி அமைவைக் காட்டுவதால், சந்தேகத்துக்குரிய உட்கோப்புறைக்குள் சென்றே ஓட்ட வேண்டும். எந்தெந்தக் கோப்பிலிருந்து அமைவு எடுக்கப்பட்டது என்பதை 'டீபக்' தெரிவுடன் இயக்கினால் கருவியே வரிசையாகச் சொல்லிவிடும்.