உதயகிரி கோட்டைய அவசரமில்லாம பாக்குறது எப்படி

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வர்றவங்க நேரா பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஓடிருவாங்க, அதுக்கு ரொம்ப பக்கத்துல ஹைவே ஓரமா புலியூர்குறிச்சில இருக்க உதயகிரி கோட்டைய ஏதோ பார்க்குன்னு நெனச்சு தாண்டி போயிருவாங்க. அவங்களயும் குறை சொல்ல முடியாது, உள்ள வனத்துறை பல்லுயிர் பூங்கா வச்சிருக்கு, மொதல்ல கண்ணுல படுறதே மான் தான்.

நாகர்கோவில் வடசேரி ஸ்டாண்டுல தக்கலை பஸ் ஏறி புலியூர்குறிச்சில எறங்குங்க. காலைலயே போயிருங்க, வெயில் ஏறுனா பாறை கொதிக்கும்.

உள்ள போறதுக்கு முன்னாடி மதில பாருங்க. கருங்கல்ல அடுக்குன மதில், உசரத்த விட தடிமன் தான் முக்கியம், ஏன்னா பீரங்கி காலத்துல உசரமா ஒல்லியா சுவர் எழுப்புனா ரெண்டு குண்டுல சரிஞ்சிரும். வளைஞ்சு வெளிய துருத்திட்டு நிக்கிற கொத்தளத்துல நின்னு ரெண்டு பக்கமும் பாத்தா மதில் ஓரமா ஏறி வர்றவன எப்படி சுட்டிருப்பாங்கன்னு சட்டுன்னு வெளங்கிரும். நடுவுல நிக்கிற குன்று சுமார் 260 அடி, காவலுக்கு அத விட நல்ல எடம் வேணுமா?

அங்க பழைய கோட்டை ஒண்ணு முன்னாடியே இருந்துது, 1741ல குளச்சல்ல டச்சுக்காரங்கள தோக்கடிச்ச திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா, பிடிபட்ட டச்சு படை கேப்டன் டி லனாயயே வச்சு அத பலமா திருப்பி கட்டிக்கிட்டாரு. எதிரியா வந்த ஆளு திருவிதாங்கூர் படைக்கே தளபதியாகி, ஜனங்க வாயில வலிய கப்பித்தான், அதாவது பெரிய கேப்டன் ஆயிட்டாரு, எனக்கு கோட்டைய விட இந்தக் கதை தான் பெருசா தெரியும். பீரங்கி வார்த்த உலைக்கூடமும் உள்ள தான் இருந்துது.

கடைசியா இடிஞ்ச சர்ச்சுக்கு போங்க, அவசரப்படாதீங்க. 1777ல செத்த டி லனாய் கல்லறை அங்க தான், கல்வெட்டுல லத்தீனும் தமிழும் இருக்கும், பொண்டாட்டி மகன் கல்லறையும் அங்கயே. தடவி பாக்குறேன்னு எழுத்து மேல சாக்பீஸ் கிறுக்காதீங்க மக்கா, மொபைல் டார்ச்ச சாய்ச்சு அடிச்சாலே எழுத்து எழும்பி தெரியும்.

அப்புறம் அரண்மனைக்கு ஆட்டோ புடிங்க. திங்கக்கெழம மட்டும் வேண்டாம், அரண்மனை லீவு.