நன்றாயிரு: தன்னிடமிருந்து தொடங்கும் மைத்ரி தியானம், புதியவர்களுக்கு

போன மாதம் ஒரு மாலை, அம்மாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை வாங்க மறந்து வெறுங்கையோடு வீட்டு வாசலில் நின்றேன். ஒரு செருப்பைக் கழற்றிவிட்டேன், இன்னொன்று காலில் இருக்கிறது. அந்த நொடியில் உள்ளே ஒரு குரல்: "ஒரு வேலையை உருப்படியாகச் செய்யத் தெரிகிறதா உனக்கு?" தோள்கள் காதை நோக்கி ஏறின. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மருந்துக்கடை 10 நிமிட நடைதான். போய் வாங்கி வந்துவிட்டேன். குரல் மட்டும் இரவு படுக்கும்வரை ஓயவில்லை.

பாலி மொழியில் உள்ள பௌத்த நூல்தொகுப்பான சம்யுத்த நிகாயத்தில் புத்தர் சொல்லும் உவமை ஒன்று உண்டு. ஒருவனை அம்பு தைக்கிறது; உடனே இரண்டாவது அம்பும் தைக்கிறது. முதல் அம்பு உடல் படும் வலி. அந்த வலியைக் கண்டு மனம் புலம்பித் தவிப்பது இரண்டாவது அம்பு. பயிற்சி உள்ளவரை முதல் அம்பு மட்டுமே தைக்கும் என்கிறார் புத்தர். மாத்திரையை மறந்தது முதல் அம்பு என்றால், வாசலில் கேட்ட குரல்தான் இரண்டாவது.

அந்தக் குரலோடு வாழக் கற்றுக்கொள்ள எனக்குத் துணையாக இருப்பது மெத்தா பாவனை, அதாவது அன்பை வளர்க்கும் தியானம். வடமொழியில் மைத்ரி. பாலியில் 'மித்த' என்றால் நண்பன். ஒரு நல்ல நண்பன் நம்மிடம் வைத்திருக்கும் மனம்தான் மெத்தா. இதைப் படிப்படியாகச் சொல்லித்தரும் பழைய நூல் விசுத்திமக்கம். 5ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்து மகாவிகாரையில் பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் எழுதியது. அவர் காஞ்சிபுரத்திலும் தங்கியிருந்தவர் என்பதை அவருடைய உரை ஒன்றின் முடிவுரை சொல்கிறது. அந்நூலின் 9ஆம் அத்தியாயம் தரும் வரிசையில், அன்பு செலுத்த வேண்டியவர்களில் முதல் ஆள் நீங்கள்தான்.

இது தன்னலம் ஆகாதா என்று பலர் தயங்குகிறார்கள். அவர்களுக்கு ஒரு பழைய கதை. புத்தர் காலத்துக் கோசல மன்னன் பசேனதி தன் அரசி மல்லிகையிடம், "உன்னைவிட உனக்குப் பிரியமானவர் உண்டா?" என்று கேட்கிறான். "இல்லை" என்கிறாள் அவள். தனக்கும் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்ட மன்னன், புத்தரிடம் சென்று சொல்கிறான். அவர் கண்டிக்கவில்லை. எத்திசையில் தேடினாலும் தன்னைவிடப் பிரியமானவரைக் காண முடியாது, மற்றவர்களுக்கும் தத்தம் உயிர் அப்படித்தான், ஆகவே தன்னை நேசிப்பவர் பிறரைத் துன்புறுத்தலாகாது என்று பாடலாக விடை தருகிறார். புத்தகோசர் இந்தப் பாடலையே எடுத்துக்காட்டி, தன்னைச் சாட்சியாக வைத்துத் தொடங்கு என்கிறார். நான் சுகத்தை விரும்புகிறேன், துன்பத்துக்கு அஞ்சுகிறேன். எதிரில் இருப்பவரும் அப்படியே. இந்த உண்மைக்கு முதல் சாட்சி நான்.

முதல் படி: உட்காருதல்

ஒரு நாளைக்கு 10 நிமிடம் போதும். நாற்காலி, பாய், கட்டில் விளிம்பு எதுவானாலும் சரி. முதுகு நிமிர்ந்திருக்கட்டும், விறைக்க வேண்டாம். கண்ணை மூடுவது பிடிக்கவில்லையென்றால் தரையைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

இரண்டாம் படி: மூச்சு

மூச்சை ஆழப்படுத்தவோ அடக்கவோ வேண்டாம். இது பிராணாயாமம் இல்லை. உள்ளே வருவதும் வெளியே போவதும் எங்கே தெளிவாகத் தெரிகிறதோ அங்கே, மூக்கு நுனியிலோ வயிற்றிலோ, கவனத்தை வையுங்கள். 2, 3 நிமிடம். மனம் ஓடும், ஓடியது தெரிந்ததும் திரும்பி வாருங்கள்.

மூன்றாம் படி: குரலைக் கேட்டல்

இங்கேதான் அவசரப்படக் கூடாது. நான் முதல் இரண்டு வாரம் இதை மட்டுமே செய்தேன்.

மனம் ஓடிப்போய்த் திரும்பும் கணத்தில் உங்களுக்குள் என்ன சொல்லிக்கொள்கிறீர்கள் என்று கவனியுங்கள். "இதுகூட முடியவில்லையா?" என்று ஏதாவது ஒன்று நிச்சயம் வரும். அதை அடக்க வேண்டாம், அதோடு வாதாடவும் வேண்டாம். சொற்களை அப்படியே கேளுங்கள். எந்தத் தொனியில் வருகிறது? யாருடைய சொல் அது? என் குரல் பேசும் 'உருப்படி' என்ற சொல்லை நான் பள்ளி நாட்களுக்குப் பிறகு யாரிடமும் பயன்படுத்தியதே இல்லை. என்னைத் திட்ட மட்டுமே அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறேன். அது தெரிந்த நாளில் மனம் சற்று இளகியது.

பிறகு உடலுக்கு வாருங்கள். திட்டு உடலில் எங்கே இறங்குகிறது? தாடையிலா, தொண்டையிலா, நெஞ்சுக்குழியிலா? அங்கே உள்ளங்கையை வையுங்கள். "திட்டு வந்திருக்கிறது" என்று மனத்துக்குள் ஒருமுறை சொல்லிவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள்.

பழைய துயரம் ஏதாவது பெரிதாகப் பொங்கி வந்தால், கண்ணைத் திறந்து பாதங்களைத் தரையில் அழுத்தி, அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள். திரும்பத் திரும்ப அப்படி நேர்ந்தால் மனநல ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள். தனியே உட்கார்ந்து தாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

நான்காம் படி: வாழ்த்து

மரபான பாலி வாசகங்களின் பொருள் இது: நான் பகையின்றி, மனவேதனையின்றி, துன்பமின்றி இருப்பேனாக, என்னை நலமாகப் பேணிக்கொள்வேனாக. தமிழில் 'இருப்பேனாக' என்பது மேடையில் உறுதிமொழி எடுப்பதுபோல் ஒலிக்கிறது. அதனால் நான் இப்படி மாற்றிக்கொண்டேன்:

என் மனத்தில் பகை இல்லாமல் இருக்கட்டும்.
என் உடல் நலமாக இருக்கட்டும்.
என் நாள் நல்லபடியாகப் போகட்டும்.

இவையும் ஒட்டாத நாட்களில் ஒரே சொல்: நன்றாயிரு. காலில் விழுந்து எழும்போது பாட்டி உச்சந்தலையில் கை வைத்துச் சொல்வாரே, அதே சொல். அவர் நம் மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டு வாழ்த்தவில்லை. திட்டும் குரல் நம்மை 'நீ' என்று அழைத்தது. இந்த வாழ்த்தும் 'நீ' என்றுதான் அழைக்கிறது. மூச்சு வெளியே போகும்போது ஒருமுறை, மெதுவாகச் சொல்லுங்கள்.

எதுவும் தோன்றவில்லை, வெறும் சொல்லாக இருக்கிறது என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. எனக்கும் மாதக்கணக்கில் அப்படித்தான் இருந்தது. நெகிழ்ச்சியை வரவழைக்க முயல வேண்டாம். விதை போடுகிறவர் மண்ணைக் கிளறிக் கிளறிப் பார்ப்பதில்லை.

ஓர் எச்சரிக்கை மட்டும். மெத்தாவோடு சேர்த்தே சொல்லப்படுவது கருணை. அதற்கு எதிரே நிற்கும் பகை கொடுமை. அருகிலேயே நின்று ஏமாற்றும் பகை துக்கம் என்கிறது விசுத்திமக்கம். "ஐயோ, எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்று மனம் கரையத் தொடங்கினால் அது அந்த அருகாமைப் பகை. அடையாளம் காண்பது எளிது: தன்னிரக்கம் நம்மை வாசலிலேயே உட்காரவைத்துவிடும். கருணை, கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு மருந்துக்கடைக்கு நடக்கவைக்கும்.

ஐந்தாம் படி: அடுத்தவர்

தனக்கு மட்டுமே நூறு ஆண்டு அன்பு செலுத்தினாலும் தியானம் முழுமை பெறாது என்று அதே நூல் சொல்கிறது. ஆகவே சில வாரங்களில் அடுத்தவரிடம் செல்லுங்கள். முதலில் மதிப்புக்குரிய ஒருவர்: ஆசிரியர், வழிகாட்டியவர். அவர் உயிரோடு இருப்பவராக இருக்க வேண்டும் என்பது விதி. இறந்துபோன தம் குருவை நினைத்து மெத்தா செய்த இளம் துறவி ஒருவருக்குத் தியானம் கூடவேயில்லை என்று புத்தகோசர் எழுதுகிறார். என் பாட்டி இல்லை. அதனால் அவருடைய சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அவரை இந்த வரிசையில் வைக்காமல் விட்டிருக்கிறேன். அது எனக்குக் கடினமாக இருந்தது.

உங்களைக் காயப்படுத்தியவரை இப்போது தொட வேண்டாம். அவர் கடைசி.

இடையில் வருபவர், விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒருவர். தெருமுனையில் துணி தேய்த்துத் தருபவரை நான் எடுத்துக்கொண்டேன். உட்கார்ந்து அவரை நினைத்தால் வண்டி வந்தது, கரிப்பெட்டி வந்தது, மடித்து வைத்த சட்டைகள் வந்தன, முகம் வரவில்லை. உங்களுக்கும் அப்படி நேரலாம். நேர்ந்தால் அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு, மறுநாள் துணி கொடுக்கும்போது அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.