மலையில் தனியாக இரவு தங்கினால், ஒரு செட் உடை ஈரமாகக் கூடாது

பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி மலைக்கிராமம் வழியாகக் கொடைக்கானலுக்கு நடந்து ஏறுவது விடாத ஏற்றம். அடிவாரத்துப் புழுக்கத்தில் சட்டை தொப்பலாகிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த ஈரச் சட்டைதான் ஆபத்து, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தனியாகப் போகிறவருக்கு நடுக்கம் வந்தால் கவனிக்க ஆள் கிடையாது.

அதனால் ஒரு பனியன், ஸ்வெட்டர், பேன்ட், காலுறை, குல்லா எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். வழியில் குளிர்ந்தால் போட ஆசை வரும். போட்டு ஏறினால் அதுவும் வியர்வையில் நனையும். தங்கும் இடம் சேர்ந்ததும், டீக்கு முன்பே, மாற்றிவிடுங்கள். காலையில் பழைய ஈரச் சட்டையையே மாட்டுங்கள். கொஞ்ச நேரம் கூசும், நடந்தால் சரியாகிவிடும்.

அப்புறம், வனத்துறை அனுமதி இல்லாமல் கிளம்பவே வேண்டாம். எந்தப் பாதை, எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.