இயற்கை நெல் சாகுபடிக்கு மாறும் சிறு விவசாயிகள் முதல் இரண்டு ஆண்டில் செய்யும் தவறுகள்

காவிரிப் படுகையில் ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் நிலம் உள்ளவர்கள் ஆர்வத்தோடு இயற்கை முறைக்கு வருகிறார்கள். முதல் போகத்தில் பயிர் வெளிறி, தூர் கட்டாமல், விளைச்சல் சரிந்துவிடுகிறது. அடுத்த போகம் மறுபடியும் யூரியா. மண் கெட்டுப்போனதுதான் காரணம் என்பார்கள். பெரும்பாலும் அது காரணமில்லை. தழைச்சத்து (நைட்ரஜன்) எதிலிருந்து, எத்தனை கிலோ, எந்த வாரத்தில் பயிருக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போடாமல் உர மூட்டையை நிறுத்தியதுதான் அடிப்படைத் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

அந்தக் கணக்கை முதலில் போட்டுவிடுவோம். மத்திய கால, நீண்ட கால உயர் விளைச்சல் ரகங்களுக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு 60 கிலோ, அதாவது ஏறத்தாழ மூன்று மூட்டை யூரியா. இதற்கு ஈடாக ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். நன்கு மக்கிய தொழு உரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்குதான். 5 டன்னில் இருப்பது 25 கிலோ. அதிலும் முதல் போகத்துக்கு அவிழ்ந்து கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு அளவே. மீதி அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு மண்ணில் சேமிப்பாகத் தங்கும். 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு தருவது சுமார் 5 கிலோ.

ஜீவாமிர்தத்தையும் பஞ்சகவ்யத்தையும் உரமாக எண்ணுவது இதைவிடப் பெரிய பிழை. ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம் தயாரிக்கப் போடுவது 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண். இவை அத்தனையிலும் உள்ள தழைச்சத்தைக் கூட்டினாலும் கால் கிலோவைத் தாண்டாது. அது நுண்ணுயிர் பெருக உதவும் கரைசல். மண்ணில் மக்குவதற்குப் பொருள் இருந்தால்தான் அந்த நுண்ணுயிருக்கு வேலை. பஞ்சகவ்யம் 10 லிட்டர் நீருக்கு 300 மி.லி. என்று தெளிப்பது வளர்ச்சிக்கு ஊக்கம் தரும். பசியில் இருக்கும் பயிருக்கு அது சோறாகாது.

அப்படியானால் 60 கிலோவுக்கு அருகே கொண்டுபோய் விடுவது எது? சிறு விவசாயியின் கைக்கு எட்டுவதில், வயலிலேயே வளர்த்து மடக்கி உழும் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டுக்கு இணை வேறில்லை. ஏக்கருக்கு 20 கிலோ விதை, 45 நாள் வளர்ச்சி. நன்றாக வளர்ந்தால் ஏக்கருக்கு 8 முதல் 10 டன் பசுந்தாள் கிடைக்கும், அதில் 40 கிலோவுக்குக் குறையாத தழைச்சத்து இருக்கும். ‘நன்றாக வளர்ந்தால்’ என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பத்துக் கிலோ விதையைத் தூவி, ஒரு தண்ணீர்கூட விடாமல், முழங்கால் உயரச் செடியை மடக்கி உழுதுவிட்டு, பசுந்தாள் உரம் போட்டாயிற்று என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். உழுவதற்கு முன் வயலில் மூன்று நான்கு இடங்களில் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்துக்குச் செடியை வெட்டி எடை போடுங்கள். சராசரி 2 கிலோ வந்தால் ஏக்கருக்கு 8 டன். ஒரு கிலோதான் வருகிறது என்றால் 4 டன். பற்றாக்குறையைப் புண்ணாக்கிலோ மண்புழு உரத்திலோ ஈடுகட்டியாக வேண்டும்.

நாள் தவறுவதும் இதே அளவுக்குக் கெடுக்கும். பூ எடுக்கும் தருணத்தில், சுமார் 45 நாளில், மடக்கி உழ வேண்டும். 60 நாள் தாண்டினால் தண்டு கட்டைபோல் முற்றிவிடும். அதை மக்க வைக்க நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். நட்ட பயிர் அந்த வாரங்களில் மஞ்சளாகத்தான் நிற்கும். மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு தக்கைப்பூண்டை நினைப்பவருக்கு 45 நாள் கிடைக்காது. சம்பா நடவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்கும் நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். மடக்கி உழுது ஒரு வாரம் தண்ணீர் கட்டி, அதன்பின் நடலாம். மறுநாளே நட்டால் மக்கும் சூட்டில் வேர் பாதிக்கும். மூன்று வாரம் தள்ளினால் வெளிவந்த தழைச்சத்து வீணாகும்.

பசுந்தாள் போட்ட வயலில் இடைவிடாமல் தண்ணீர் கட்டுவதும் கூடாது. காற்றில்லாமல் மக்கும்போது வேருக்கு நஞ்சான வாயு உண்டாகும். ஒரு குத்தைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அதுதான். உரம் போதவில்லை என்று மேலும் சாணக் கரைசல் ஊற்றினால் நிலைமை முற்றும். தண்ணீரை வடித்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரியும்வரை காயவிட்டுப் பிறகு பாய்ச்சினால் புது வெள்ளை வேர் இறங்கும்.

எல்லா நிலத்தையும் ஒரே போகத்தில் மாற்றுவது என்ன செய்யும் என்பதை இலங்கை ஒரு நாடு முழுவதும் அனுபவித்தது. 2021 ஏப்ரல் இறுதியில் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை அறிவிக்கப்பட்டது. ஈடான எரு நாட்டில் இல்லை. பெரும்போக நெல் சரிந்தது, அந்த நவம்பரிலேயே தடையைத் தளர்த்த வேண்டி வந்தது. வீட்டுச் சோறும் கடன் தவணையும் ஒரே ஏக்கரை நம்பி இருப்பவர் இந்த ஆபத்தை ஏற்கத் தேவையில்லை. ஒரு மா நிலத்தை, அதாவது 33 சென்டை, முழுமையாக மாற்றுங்கள். அதற்கு வேண்டிய எருவைத் திரட்டுவதும் எளிது, களை எடுப்பதும் வீட்டு ஆட்களால் ஆகும்.

மீதி இரண்டு மாவில் ரசாயன உரம் தொடர்ந்தாலும், பழைய கைக்கணக்கில் வீச வேண்டாம். நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, பச்சை நிறங்களை எண்ணிட்டுக் காட்டும் இலை வண்ண அட்டையை இலையோடு வைத்துப் பாருங்கள். பத்து இலையில் ஆறோ அதற்கு மேலோ 4ஆம் எண் நிறத்தைவிட வெளிறியிருந்தால் மட்டும் ஏக்கருக்கு 25 கிலோ என்ற கணக்கில் யூரியா இடலாம். வெள்ளைப் பொன்னிக்கு 3ஆம் எண். பக்கத்து வயல் கரும்பச்சையாக இருக்கிறது என்பதற்காகப் போடும் கூடுதல் மூட்டை, தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கும் குலைநோய்ப் பூஞ்சணத்துக்கும்தான் தீனி.

ரகத் தேர்வில் இரண்டு பக்கமும் சறுக்குகிறார்கள். குலைநோயும் புகையானும் எளிதில் தாக்கும் பி.பி.டி. 5204 என்ற சன்ன ரகத்தை, பழகாத முதல் ஆண்டிலேயே மருந்தில்லாமல் காப்பாற்ற முயல்வது ஒன்று. மாப்பிள்ளைச் சம்பாவை எருக் கொழுப்பான வயலில் நட்டு, மார்கழி மழையில் சாயக் கொடுப்பது இன்னொன்று. உயரமான பாரம்பரிய ரகத்துக்கு மேலே சொன்ன 60 கிலோ தேவையே இல்லை, பாதி போதும். பாரம்பரியச் சம்பா ரகங்கள் பல பகல் குறுகும் பருவத்தில்தான் கதிர் விடும் என்பதையும் மறக்கக்கூடாது. குறுவைக்கு பூங்கார், அறுபதாம் குறுவை போன்றவையே பொருந்தும்.

களைக்கொல்லி இல்லாமல் முதல் ஆண்டில் நேரடி விதைப்பு செய்வதை நாங்கள் பரிந்துரைப்பதே இல்லை. கோரையும் குதிரைவாலிப் புல்லும் நெல்லோடு சேர்ந்தே முளைக்கும். கயிறு பிடித்து 25-க்கு 25 செ.மீ. சதுரமாக நட்டால் களைக்கருவி இரு பக்கமும் ஓடும். நட்ட பத்தாம் நாளே முதல் ஓட்டம், பிறகு பத்து நாளுக்கு ஒருமுறை. வயலில் இரண்டு விரல் கனத் தண்ணீர் இருக்க வேண்டும். காய்ந்திருந்தால் கருவி உருளாது, ஆழமாக நின்றால் பிடுங்கிய களை மிதந்து மறுபடி வேர் பிடிக்கும். களை கண்ணுக்குத் தெரியட்டும் என்று இருபது நாள் காத்திருந்தால் கூலி இரட்டிப்பாகும். மக்காத சாணத்தைப் போடுவதும் களை விதையை நாமே தூவுவதுதான்.

பூச்சி விரட்டியை வாரந்தோறும் தெளிப்பது பாதுகாப்பல்ல. இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசலும் புகையிலைக் கரைசலும் சிலந்தியையும் பொறிவண்டையும் சேர்த்தே அடிக்கும். குருத்துப்பூச்சிக்கு, அதன் முட்டையை அழிக்கும் சிறு குளவியான முட்டை ஒட்டுண்ணி ஒட்டிய அட்டையை நட்ட 30, 37ஆம் நாள்களில் ஏக்கருக்கு 2 சி.சி. (அட்டையில் ஒட்டுண்ணியின் அளவு) வீதம் இலையடியில் கட்டலாம். அதையொட்டிய நாள்களில் எந்தத் தெளிப்பும் கூடாது. வேப்பங்கொட்டைக் கரைசல் தேவைப்பட்டால் 5 கிலோ பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, 200 கிராம் காதி சோப்பு கலந்து மாலையில் அடிக்க வேண்டும். ஏக்கருக்கு இதுபோல் இரண்டு பங்கு பிடிக்கும். பழைய, பூஞ்சணம் பிடித்த கொட்டையில் வீரியம் இருக்காது. புகையானுக்கு நடும்போதே இரண்டரை மீட்டருக்கு ஓர் அடி இடைவெளி (பட்டம்) விடுவதும், கண்டதும் தண்ணீரை வடிப்பதும் எந்தக் கரைசலையும்விடப் பலன் தரும்.

விற்பனையை அறுவடைக்குப் பிறகு யோசிப்பவர்களைப் பார்த்தால்தான் மிகவும் வருத்தமாக இருக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் இயற்கை நெல்லுக்கென்று தனி விலை கிடையாது. தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையில் பதிந்தாலும், நெல் போன்ற பருவப் பயிருக்கு முழுச் சான்று கிடைக்கும்வரையான மாற்றக் காலம் இரண்டு ஆண்டு. பக்கத்து வயல்காரர்களோடு குறைந்தது ஐந்து பேர் சேர்ந்தால், ஒருவர் வயலை ஒருவர் சோதித்து உறுதிசெய்யும் பங்கேற்பு உறுதிச் சான்று முறையில் செலவு குறையும். எதுவானாலும் விதைத்த நாள், இட்ட எரு, வாங்கிய ரசீது எல்லாம் அன்றன்றே நோட்டில் ஏற வேண்டும். மேல்வயல் தண்ணீர் நேராக உங்கள் வயலில் இறங்கினால் வரப்போரம் தனி வாய்க்கால் வெட்டித் திருப்புங்கள். அறுவடை இயந்திரம் முந்தின வயலின் நெல்லோடு வரும். முதல் மூட்டையைத் தனியே வைத்துவிடுங்கள். பழைய யூரியா சாக்கில் நெல்லைக் கட்டவே கூடாது.

நெல்லை ஈரம் 13 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை உலர்த்தி, நெல்லாகவே சேமித்து, கேட்பவருக்கு ஏற்ப மாதாமாதம் அரைத்துக் கொடுப்பது நல்லது. மொத்தமாக அரைத்து வைத்த தீட்டாத அரிசியில் தவிட்டின் எண்ணெய் சில வாரங்களில் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும், வண்டும் விழும். ஒருமுறை அப்படி அரிசி வாங்கிய வீடு மறுமுறை கேட்காது.