தவறான தண்டனை பத்தி பிஎச்டி பண்ணப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

எல்எல்எம் முடிச்ச ஜூனியர் பசங்க அப்பப்ப போன் பண்ணி கேக்குறாங்க, அண்ணா கிரிமினல் லால நிரபராதிக்குத் தண்டனைங்கிற டாபிக் எடுக்கலாமான்னு. தாராளமா எடுங்க, இங்க அதுல உக்காந்து வேலை பாக்குற ஆளே கம்மி. ஆனா நான் உட்பட நிறைய பேர் முதல் ரெண்டு வருஷத்துல வழுக்கி விழுந்த இடங்கள் இருக்கு.

முதல் வழுக்கல் வார்த்தையிலயே. என் சினாப்சிஸ்ல, உளவு பாத்தார்னு மாட்டிவிடப்பட்ட இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் கேஸை தவறான தண்டனைக்கு உதாரணமா போட்டிருந்தேன், கைடு சிவப்பு பேனாவால வட்டம் போட்டு "இவருக்கு எந்த கோர்ட்ல தண்டனை குடுத்தாங்க?"ன்னு ஓரத்துல எழுதி திருப்பிக் குடுத்துட்டார். கரெக்ட்தானே. 1994ல அரெஸ்ட், 1996ல சிபிஐயே கேஸ்ல ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுச்சு, 2018ல சுப்ரீம் கோர்ட் 50 லட்சம் இழப்பீடு குடுக்கச் சொல்லுச்சு, ஆனா தண்டனைன்னு ஒண்ணு எங்கயும் விழவே இல்ல. அது பொய் வழக்கு. சட்ட ஆணையத்தோட 277வது அறிக்கை, அதே 2018ல வந்தது, அதுவும் பொய் வழக்குல மாட்டினவங்களுக்கு என்ன பரிகாரம்னுதான் பேசுது, தலைப்பை மட்டும் பாத்துட்டு எடுத்து ஒட்டிடாதீங்க.

இன்னொரு குழப்பம் வெளிய வந்துட்டாலே நிரபராதின்னு எழுதிடறது. ராஜீவ் காந்தி கொலை கேஸ்ல பேரறிவாளன் 2022ல விடுதலையானது அரசியல் சட்டம் 142வது பிரிவுல, அதாவது சுப்ரீம் கோர்ட்டோட தனி அதிகாரத்துல, குற்றமே பண்ணலன்னு தீர்ப்பு வந்து இல்ல. அவரோட வாக்குமூலத்தை எழுதின சிபிஐ அதிகாரியே, வாங்கிக் குடுத்த பேட்டரி எதுக்குன்னு தெரியாதுன்னு அவர் சொன்னதை நான் எழுதாம விட்டுட்டேன்னு 2013ல வெளிப்படையா சொன்னார், அது உங்க தீசிஸுக்குத் தங்கம், ஆனா அதுக்காக கோர்ட் நிரபராதின்னு சொல்லிடுச்சுன்னு எழுதினா வைவாவுல, அதான் வாய்மொழித் தேர்வுல, தொங்கவேண்டியதுதான். அதே கேஸ்ல 1998ல விசாரணை கோர்ட் 26 பேருக்கும் தூக்கு குடுத்துச்சு, 1999ல சுப்ரீம் கோர்ட்ல 19 பேர் வெளிய வந்தாங்க. அந்த 19லயும் சில பேருக்கு சின்னப் பிரிவுகள்ல தண்டனை அப்படியே நின்னு, ஜெயில்ல இருந்த காலம் போதும்னு விட்டாங்க. இதையெல்லாம் ஒரே டேபிள்ல ஒரே தலைப்புக்குக் கீழ போட்டா எப்படிங்க?

அடுத்தது எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற விஷயம், சுப்ரீம் கோர்ட் தீர்ப்பை மட்டும் டவுன்லோட் பண்ணி படிச்சுட்டு தீசிஸ் எழுதறது. மகாராஷ்டிராவுல 2003ல நடந்த ஒரு கொலை கேஸ்ல ஆறு பேருக்கு 2009ல தூக்குன்னு சொன்ன அதே சுப்ரீம் கோர்ட் 2019ல ஆறு பேரையும் விடுதலை பண்ணி ஆளுக்கு 5 லட்சம் குடுக்கச் சொல்லுச்சு. காரணம் என்னன்னு பாத்தா, உயிர் தப்பின சாட்சி போலீஸ் ஆல்பத்துல வேற நாலு பேரை அடையாளம் காட்டியிருக்காங்க, அந்த நாலு பேர் மேல கேஸே போடல. தப்பு நடந்தது ஸ்டேஷன்ல, முதல் சில நாள்ல, அது தீர்ப்புல வர்றதுக்குள்ள பதினாறு வருஷம்.

அதனால கீழ் கோர்ட் கேஸ் கட்டை, அதாவது அந்த கேஸோட மொத்த காகிதத்தையும், படிங்க. நான் ரெண்டு தனித்தனி கொலை கேஸ் கட்டை பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சேன். ரெண்டுலயும் ஒப்புதல் வாக்குமூலத்துல கடைசி வரி, "என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்துள்ள கத்தியை எடுத்து ஆஜர்படுத்துகிறேன்". ரெண்டு பேரும் எழுதப் படிக்கத் தெரியாதவங்க, பேசற தமிழ் மட்டும் அச்சடிச்ச மாதிரி ஒண்ணு. மகஜர் சாட்சி, அதாவது பொருளைக் கைப்பற்றினதுக்குக் கையெழுத்துப் போட்டவங்க, ரெண்டுலயும் விஏஓவும் தலையாரியும். போலீஸ் கிட்ட குடுத்த வாக்குமூலம் செல்லாது, ஆனா அதை வெச்சு பொருள் கிடைச்சா அந்தப் பகுதி மட்டும் செல்லும், பழைய சாட்சியச் சட்டம் 27வது பிரிவு, 2024 ஜூலையில இருந்து புதுச் சட்டத்துல 23க்குள்ள வந்துடுச்சு. அந்த ஒரு வாசல் வழியாத்தான் மொத்த கதையும் உள்ள வருது, இது எந்த தீர்ப்பைப் படிச்சாலும் இவ்வளவு பளிச்சுன்னு தெரியாது. நகல் மனு மட்டும் சீக்கிரம் போட்டுடுங்க, கேஸ் முடிஞ்சு குறிப்பிட்ட வருஷம் ஆனா கட்டை அழிச்சுடுவாங்க. எனக்கு ஒரு ரெக்கார்ட் ரூம்ல நாலு தடவை அலைஞ்சப்புறம்தான் அது போன வருஷமே அழிச்சாச்சு தம்பின்னு சொன்னாங்க.

அமெரிக்கா மாடலை அப்படியே இறக்குறதும் வேண்டாம். அங்க 1992ல இன்னசன்ஸ் ப்ராஜெக்ட் ஆரம்பிச்சு பழைய சாம்பிளை டிஎன்ஏ டெஸ்ட் பண்ணி ஆளை வெளிய கொண்டு வந்தாங்க, நிரபராதின்னு ஆனவங்களுக்கு தேசிய அளவுல பட்டியலே இருக்கு. இங்க சந்தேகத்தின் பலன்னு ஒரு வரியில விட்டுடுவாங்க, சீராய்வு மனு எல்லாம் தீந்தப்புறம் புது ஆதாரம் கிடைச்சா எங்க போறதுன்னு தனி வழியே கிடையாது.

ஜெயில் இன்டர்வியூ. அனுமதி வர மாசக்கணக்கு ஆகும், அது பெரிசு இல்ல. அப்பீல் நிலுவையில இருக்கிறவர் கிட்ட சம்பவத்தன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு கேக்காதீங்க. அவர் வக்கீல் கிட்ட சொன்னா அதுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, நம்ம நோட்டுக்கு அது கிடையாது. நான் முதல்ல பாத்த ஒருத்தர் ஒரு மணி நேரம் பேசிட்டு, எழுந்திரிக்கும்போது "சார், இதை எழுதிட்டா அடுத்த வாய்தாவுல பெயில் கிடைச்சுருமா?"ன்னார். கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடியே சம்மதப் படிவத்தை தமிழ்ல நிதானமா படிச்சுக் காட்டி, இதனால உங்க கேஸுக்கு ஒண்ணும் ஆகாதுங்கன்னு சொல்லியிருக்கணும், நான் அவசரத்துல சொல்லல.

வேலை விஷயம், நெட் எக்ஸாமை தள்ளிப் போடாதீங்க, அதுல கிடைக்கிற ஆராய்ச்சி உதவித்தொகை ஜேஆர்எஃப்க்கு வயசு வரம்பு இருக்கு. முழு நேர வாத்தியார் வேலைக்குப் போனா பிராக்டிஸ் பண்ண முடியாது, ஆனா வக்கீலா இருந்துக்கிட்டே ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் வரை லா காலேஜ்ல பாடம் எடுக்க பார் கவுன்சில் விதி இடம் குடுக்குது. நான் ரெண்டாவதுலதான் இருக்கேன், சம்பளம் கம்மி, ஆனா கட்டு கைக்கு வருது.