துருப்பிடித்து இறுகிய நட்டைக் கழற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில் புழங்கும் காரை நிறுத்தி அதன் அடியில் ஒருமுறை படுத்துப் பார்த்தால் போதும், ஐப்பசி, கார்த்திகை மழையும் உப்புக்காற்றும் நட்டுகளை என்ன பாடு படுத்துகின்றன என்பது தெரிந்துவிடும். இரும்பைவிடத் துரு அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், மரைகளுக்கு நடுவே இருந்த சிறு இடைவெளியும் நிரம்பி, நட்டும் போல்ட்டும் ஒரே துண்டுபோல் இறுகிவிடுகின்றன.

அந்த நிலையில் கைக்குக் கிடைத்த ஸ்பேனரைப் போட்டு இழுப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. திறந்த வாய் ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கங்களை மட்டுமே பிடிக்கும். சற்று வழுக்கினாலும் முனைகள் மழுங்கி நட்டு உருண்டையாகிவிடும். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தெடுத்த பிறகு, சரியான அளவுள்ள ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனரை அடிவரை உட்கார வைத்தே பலம் கொடுக்க வேண்டும்.

துருவை இளக்கும் எண்ணெயை அடித்த ஐந்தாம் நிமிடமே இழுப்பதும் வீண்தான். மாலையில் ஒருமுறை, படுக்கப்போகும்முன் ஒருமுறை அடித்துவிட்டுக் காலையில் தொடங்கலாம். கெட்டியான இன்ஜின் ஆயில் அந்த இடுக்கில் எளிதில் இறங்காது.

பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்குவதை நான் அறவே விட்டுவிட்டேன். சைலன்சர் இணைப்பில் அப்படி இழுத்தபோது நட்டு மெதுவாக, வெல்லப்பாகு இழுபடுவதுபோல் சுழன்றது. கழன்றுவிட்டது என்று மகிழ்ந்தேன், ஆனால் முறுகிக்கொண்டிருந்தது போல்ட்டு, அடுத்த இழுப்பில் அது நட்டோடு ஒடிந்து கையில் வந்தது. அந்த இளக்கம் தெரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். முதலில் ஒரு மயிரிழை இறுக்கிப் பார்த்து, பிறகு தளர்த்தி, மறுபடி இறுக்கி, இப்படி முன்னும் பின்னுமாக அசைத்தால் துரு பொடிந்து வழிவிடும். நட்டின் ஒரு பக்கத்தில் கனமான சுத்தியலை முட்டுக்கொடுத்து, எதிர்ப்பக்கம் சிறு சுத்தியலால் தட்டுவதும் உதவும்.

சூடேற்றுபவர்கள் போல்ட்டையும் சேர்த்துச் சுட்டுவிடுகிறார்கள். சூடாக வேண்டியது நட்டு மட்டுமே: 10 மி.மீ. துளை 300 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.036 மி.மீ. விரியும், துருவின் பிடி விட அதுவே பெரும்பாலும் போதும். அடித்த எண்ணெயைத் துடைக்காமல் தீயைக் காட்டக் கூடாது. பெட்ரோல் குழாய், பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ் அருகில் தீயை நினைக்கவே வேண்டாம்.

சக்கர நட்டுகளை, வண்டி தரையில் நிற்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட்டுப் பிறகு ஜாக்கி போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுத்து இழுப்பது உயிருக்கே ஆபத்து, வண்டியைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டு கட்டாயம் வேண்டும்.

எதற்கும் அசையாத நட்டைக் கிரைண்டரால் பக்கவாட்டில் அறுத்து, உளியால் பிளந்துவிட்டுப் புதியது போடுவதில் குறையொன்றும் இல்லை. சில ரூபாய் நட்டுக்காகப் போல்ட்டை ஒடித்துவிட்டால், துளையிட்டு எடுக்கவே அரை நாள் போய்விடும்.