நர்ஸ் பிராக்டிஷனர் கனவு: படிக்கும்போதே சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் நர்சிங் படிக்கிறவர்களிடம் அடுத்து என்ன என்று கேட்டால், பலரும் யோசிக்காமல் "என்.பி. பண்ணப்போறேன்" என்பார்கள். முதுநிலைப் படிப்பு முடித்து, நோயாளியைப் பரிசோதித்து மருந்தும் எழுதித்தரும் நர்ஸ்தான் என்.பி., அதாவது நர்ஸ் பிராக்டிஷனர். எந்த என்.பி. என்று கேட்டுப்பாருங்கள், பேச்சு நின்றுவிடும். முதல் தவறே அதுதான்.

நர்ஸ் பிராக்டிஷனர் என்பது ஒரே வேலை இல்லை. குடும்ப மருத்துவம், முதியோர் உட்பட பெரியவர்கள், குழந்தைகள், பச்சிளம் சிசுக்கள், பெண்கள் நலம், மனநலம் என்று ஆறு பிரிவுகள் இருக்கின்றன. இதில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உரிய பிரிவுகள் மறுபடி இரண்டாகப் பிரியும்: கிளினிக்கில் பார்க்கும் பிரைமரி கேர், உடல்நிலை மோசமாகி வருபவர்களைப் பார்க்கும் அக்யூட் கேர். எதைப் படிக்கிறோமோ அதில்தான் போர்டு தேர்வு (படிப்பு முடிந்ததும் எழுதும் சான்றிதழ் தேர்வு), லைசென்ஸும் அதையொட்டித்தான்.

"ஃபேமிலி எடுத்தால் எல்லா வயதினரையும் பார்க்கலாம், எங்கும் வேலை கிடைக்கும்" என்பது மாணவர்களிடையே பிரபலமான கணக்கு. பாதி சரி. வயது வரம்பு இல்லை என்பது உண்மை, ஆனால் அது பிரைமரி கேருக்கான படிப்பு. ஐ.சி.யு.தான் பிடிக்கும் என்பவர் இதை முடித்துவிட்டு அங்கே போக நினைத்தால், அக்யூட் கேரில் தனியாக ஒரு சான்றிதழ் படிப்பு, மறுபடி கிளினிக்கல் மணிநேரங்கள் (நோயாளிகளிடம் நேரடிப் பயிற்சி), மறுபடி ஒரு தேர்வு என்று சுற்ற வேண்டிவரும். அதற்குப் பதிலாக, மாணவராக இருக்கும்போதே கிளினிக்கில் ஒரு நாள், வார்டில் ஒரு நாள் என்று என்.பி. ஒருவருக்குப் பின்னால் நடந்து பார்த்துவிடலாம்.

அடுத்தது, கிளினிக்கல் நாட்களை லாக் புக்கில் கையெழுத்து வாங்கும் நாட்களாகக் கழிப்பது. இதயச் செயலிழப்பு உள்ள ஒரு நோயாளி. இரண்டு நாளில் எடை 2 கிலோ ஏறியிருக்கிறது, கணுக்கால் வீங்கியிருக்கிறது. உடம்பில் சேர்ந்த நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃபியூரோசமைட் மருந்தை 40 மில்லிகிராம் ஊசியாகப் போடச் சொல்லி ஆர்டர் வருகிறது. மாணவர் இரத்த அழுத்தம் பார்க்கிறார், நர்ஸ் பக்கத்தில் நிற்க ஊசி போடுகிறார், குறித்துக்கொள்கிறார், கிளம்புகிறார். தப்பு எதுவும் இல்லை. ஆனால் எடை ஏன் ஏறியது? மாத்திரையை விட்டுவிட்டாரா? மூட்டுவலிக்கு வீட்டில் ஐபுப்ரோஃபென் போட்டுக்கொண்டிருந்தாரா? அதுவும் உடம்பில் நீரைத் தேக்கும். இரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு? நாளை அந்த ஆர்டரை எழுதப்போவது நீங்கள் என்றால், இந்தக் கேள்விகள் இன்றே வர வேண்டும். தினம் ஒரு நோயாளியை எடுத்து, "இந்த மருந்து ஏன், இந்த அளவு ஏன்" என்று அரைப்பக்கம் எழுதினால் போதும். நோயாளியின் பெயரோ அடையாளமோ மட்டும் அந்த நோட்டில் வரக்கூடாது.

மருந்தியலையும் நோய்க்கூறு இயலையும் "பாஸ் ஆனால் சரி" என்று தள்ளுவதும் இதோடு சேர்ந்ததுதான். முதுநிலையில் முதலில் வந்து நிற்பதே இந்த இரண்டும், உடல் பரிசோதனையும்தான். பரிந்துரைக் கடிதத்துக்குக் கடைசி வாரத்தில் ஓடுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பெயரே நினைவில்லாத மாணவருக்கு எந்த ஆசிரியரும் நல்ல கடிதம் எழுத மாட்டார்.

பட்டம் வாங்கியதும் நேராக என்.பி. படிப்பில் சேரலாமா? சேர்த்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. என்னைக் கேட்டால், குறைந்தது ஓரிரு வருடம் ஆர்.என்.னாக (லைசென்ஸ் பெற்ற நர்ஸாக) வேலை பார்த்துவிட்டுப் போங்கள் என்பேன். ஒரு நோயாளி மோசமாகப் போகிறார் என்பதை மானிட்டர் சொல்வதற்கு முன் கண் பிடிப்பது இரவு டியூட்டியில் பழகும் விஷயம். பச்சிளம் சிசுப் பிரிவில் இது உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது இல்லை: அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு வருட அனுபவம் எதிர்பார்க்கிறார்கள்.

அப்புறம், ஆன்லைன் படிப்பை ஃபீஸை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் போர்டு தேர்வே எழுத முடியாது. உங்கள் மாநிலத்து மாணவர்களைச் சேர்க்க அந்தக் கல்லூரிக்கு அனுமதி உண்டா என்பது தனிக் கேள்வி. 2022இல் வந்த தேசியத் தரநிலை, நோயாளிகளை நேரடியாகப் பார்க்கும் மணிநேரம் குறைந்தது 750 இருக்க வேண்டும் என்கிறது, முன்பு 500. அத்தனை மணிநேரமும் உங்களை உடன் வைத்துக் கற்றுத்தர ஒரு ப்ரிசெப்டர் வேண்டும். சில கல்லூரிகள் அவரைத் தேடித் தரும், சில "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கைவிரிக்கும். ஆள் கிடைக்காமல் ஒரு செமஸ்டர் தள்ளிப்போகிறவர்கள் உண்டு. ப்ரிசெப்டரைக் கல்லூரி ஏற்பாடு செய்யுமா, கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.